“அம்மா எங்க?”: இழப்பைச் சொல்வதும் துக்கத்தைப் பேச உதவுவதும்

சாவு வீட்டில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் எடுக்கப்படும் முடிவுகளில் ஒன்று, ‘அவனை எங்கே அனுப்பி வைக்கலாம்’ என்பது. பந்தலுக்குச் சொல்லியாயிற்று, ஐஸ் பெட்டி வந்துகொண்டிருக்கிறது, வெளியூர் சொந்தங்களுக்கு போன் போய்விட்டது. இந்த அவசரத்தில் அறிவுசார் குறைபாடு உள்ள மகனையோ மகளையோ பக்கத்துத் தெருச் சித்தி வீட்டு டி.வி. முன்னால் உட்கார வைத்துவிடுகிறோம். “அவனுக்கு என்ன தெரியும் பாவம், பயந்துக்குவான்.” சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். மூன்று நாள் கழித்து வீடு திரும்புகிறவர் கண்ணில் படுவது என்ன? அப்பாவின் கட்டில் இல்லை. அப்பா இல்லை. அண்ணன் தலையில் முடி இல்லை. எல்லாரும் தன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

இந்த அத்தியாயம் அந்த முடிவை மாற்றச் சொல்கிறது. பெற்றோருக்குப் பின் பொறுப்பேற்கும் அண்ணன், அக்கா, அத்தை, பகல்நேர மையத்தின் சிறப்பாசிரியர், விடுதிப் பணியாளர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நாற்பது வயதைத் தாண்டியவரையும் ‘பிள்ளை’ என்று சொல்லும் வழக்கம் நமக்கு இருக்கிறது. இங்கே பெரும்பாலும் பேசப்படுகிறவர்கள் வளர்ந்தவர்கள். தாயும் தகப்பனும் முதுமையில் இறக்கும்போது எஞ்சி நிற்பவர்கள் அவர்களே.

சாவு என்றால் என்ன என்று முழுக்க விளங்கிக்கொள்வது வேறு. ஒருவர் இல்லாமல் போனதை உணர்வது வேறு. முதலாவதற்குக் கொஞ்சம் உதவி வேண்டும். இரண்டாவதற்கு யார் உதவியும் வேண்டாம். இங்கிலாந்தில் மனநல மருத்துவர் ஷீலா ஹாலின்ஸும் அவருடன் பணியாற்றிய எஸ்தர்ஹைசனும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாயையோ தந்தையையோ இழந்த, அறிவுசார் குறைபாடுள்ள 50 பேரை, அப்படி இழக்காத 50 பேரோடு ஒப்பிட்டார்கள். இழந்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் நடத்தைக் கோளாறுகளும் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்களில் பலர் அந்த மாற்றங்களைச் சாவோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. நம் வீடுகளிலும் அதேதான் நடக்கிறது. “இப்பல்லாம் ரொம்ப அடம் பண்றான்” என்கிறோம். ‘இப்ப’ எப்போது தொடங்கியது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சொல்லும் விதம்

யார் சொல்வது? அவருக்கு நெருக்கமானவர், அழுதுகொண்டாவது பேசி முடிக்கக்கூடியவர். எங்கே? அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், டி.வி.யை அணைத்துவிட்டு. எப்போது? தெருப் பேச்சு அவர் காதில் விழுவதற்கு முன்பு. சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். லண்டனில் செவிலியராகவும் ஆய்வாளராகவும் பணிசெய்யும் ஐரீன் டஃப்ரி-வைன் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். அவர் காட்டும் வழியின் சாரம்: கெட்ட செய்தியை ஒரே மூட்டையாக இறக்காதீர்கள், அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது எது என்று பாருங்கள், அதன்மேல் துண்டு துண்டாக அடுக்குங்கள்.

ஓர் அக்காவும் தம்பியும் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

“தம்பி, ஒரு வருத்தமான விஷயம் சொல்லப்போறேன்.”

“ம்.”

“அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்கல்ல. நெஞ்சு ரொம்ப முடியாமப் போச்சு. டாக்டர் மருந்து குடுத்தாரு, ஊசி போட்டாரு. சரியாகல. அம்மா இறந்துட்டாங்க.”

இங்கே நிறுத்த வேண்டும். உடனே ஆறுதல் சொல்லத் தோன்றும், வாயைக் கட்டிக்கொள்ளுங்கள்.

“அம்மா எப்ப வருவாங்க?”

“வர மாட்டாங்கடா. இறந்துட்டாங்க. எனக்கும் அழுகையா வருது.”

“சாப்பாடு?”

“அக்கா போடுறேன்.”

அந்த ‘சாப்பாடு?’ என்ற கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்கிற உறவினர் ஒருவராவது இருப்பார். “பெத்தவ போயிட்டா, இவனுக்குச் சோறு முக்கியமா இருக்கு பாரு.” அவர் கேட்பது சோற்றைப் பற்றி இல்லை. இனி என்னைப் பார்த்துக்கொள்வது யார் என்பதை அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்கிறார். அந்தக் கேள்விக்குத் தட்டாமல் பதில் சொல்லுங்கள். அன்று இரவு யார் பக்கத்தில் படுப்பார்கள், நாளைக்கு யார் குளிப்பாட்டுவார்கள், வேன் வருமா வராதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாம் மென்மைக்காகப் பயன்படுத்தும் பேச்சு இவர்களுக்குப் பெரிய தொல்லை. “ஊருக்குப் போயிருக்காங்க” என்று சொன்னால் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார். “தூங்குறாங்க” என்றால் ராத்திரி படுக்க மறுப்பார். “நம்மள விட்டுப் போயிட்டாங்க” என்பது அவர் காதில் கோபித்துக்கொண்டு போனதாக விழும். “சாமி கூட்டிக்கிட்டாரு” என்பதைக் கேட்டுப் பூஜை அறைப் படத்தை உடைக்கப் போகிறவரை எப்படிக் குறை சொல்வது? சாமி, சொர்க்கம், பரலோகம் ஆகியவற்றைச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டின் நம்பிக்கை அவருக்கும் உரியது. ‘இறந்துட்டாங்க’ என்பது பதிந்த பிறகு அவற்றைச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாகச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் நாய்க்கும் கோழிக்கும் ‘செத்துப்போச்சு’ என்பதே புழக்கம், ‘இறந்து’ என்பது அவர் காதுக்குப் புதிது என்றால், ‘செத்துட்டாங்க’ என்றே சொல்லுங்கள். மரியாதைக் குறைவாகப் பட்டால் சுற்றியிருப்பவர்களுக்குக் காரணத்தை விளக்கிவிடுங்கள்.

இறந்த உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூச்சு இல்லை, நெஞ்சு துடிக்கவில்லை, பசிக்காது, வலிக்காது. ஐஸ் பெட்டி வைத்திருக்கும் வீட்டில் ‘குளிராது’ என்பதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அம்மாவுக்குக் குளிரும் என்று போர்வையோடு வந்து நிற்பார். தகனம் என்றால் ‘சுடாது’ என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. “உன்னாலதான் எனக்கு பிரஷர் ஏறுது”, “நீ என் உசுர வாங்குற” என்று எந்த அம்மாதான் சொல்லியிருக்க மாட்டாள்? அதைக் கேட்டு வளர்ந்தவர் அம்மா இறந்ததும் கணக்கைத் தன் பெயரில் எழுதிக்கொள்வார். “நீ எதுவும் பண்ணலடா. நெஞ்சு நோயாலதான் அம்மா இறந்தாங்க” என்று பல முறை சொல்லுங்கள்.

நோய் நீண்டதாக இருந்தால் இதையெல்லாம் ஆஸ்பத்திரி நாட்களிலேயே தொடங்கிவிடலாம். முடி கொட்டிய அப்பாவை, மூக்கில் குழாயோடு கிடக்கும் அம்மாவை, என்ன பார்க்கப் போகிறார் என்று முதலில் சொல்லி, முடிந்தால் போனில் படம் காட்டி, ஐந்து நிமிடம் கூட்டிப்போய் வாருங்கள்.

சாவு வீட்டில்

நம் சடங்குகளில் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் நிறைய இருக்கிறது. குளிப்பாட்டுகிறார்கள், கோடி போடுகிறார்கள், வாய்க்கரிசி இடுகிறார்கள், பாடை தெருமுனையைத் தாண்டுகிறது, மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளிக்கிறார்கள், பதினாறாம் நாள் காரியம். ஜனாஸா தொழுகையும், சவப்பெட்டிமேல் ஆளுக்கொரு பிடி மண் போடுவதும் அப்படித்தான். ‘திரும்பி வராது’ என்பதை வார்த்தையில் விளக்க நாம் படும் பாட்டைச் சடங்கு ஒரே நாளில் செய்து காட்டிவிடுகிறது. இதை மிகவும் தேவைப்படுகிற ஒருவரைத்தான் டி.வி. முன்னால் உட்கார வைக்கிறோம்.

அவரை இருக்க விடுங்கள். வற்புறுத்தவும் வேண்டாம். “அம்மாவைப் பாக்க வர்றியா, உள்ள இருக்கியா?” என்று கேட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். அவருக்கென்று ஓர் ஆளை ஒதுக்குங்கள். துக்கத்தில் மூழ்கியிருக்கும் மகளுக்கு அந்த வேலை வேண்டாம். பெரியம்மா பையனோ மையத்து ஆசிரியரோ அதற்குப் பொருத்தம். அந்த ஆளுக்கு வேறு வேலை எதுவும் தரக் கூடாது. சத்தம் தாங்காத ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பறையும் வெடியும் சித்திரவதை. பின்கட்டில் ஓர் அறையைக் காலியாக வையுங்கள், காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ கொடுங்கள், மேளம் எப்போது தொடங்கும் என்று முன்பே சொல்லிவையுங்கள். தொட்டால் ஜில்லென்று இருக்கும் என்பதைத் தொடுவதற்கு முன்பே சொல்லுங்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, நாற்காலி போடுவது, மாலையை வாங்கி வைப்பது என்று ஏதாவது ஒரு வேலையை அவர் கையில் கொடுத்தால், அதைச் செய்துகொண்டே நடப்பதைப் பார்த்துக்கொள்வார்.

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது என்பது பல சமூகங்களில் வழக்கம். அந்த மூத்தவருக்கோ இளையவருக்கோ குறைபாடு இருந்தால், கேட்காமலே அடுத்தவர் கையில் கொள்ளிச்சட்டி போய்விடுகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. சித்தப்பாவோ தம்பியோ கையைப் பிடித்துக்கொள்ள, அவரே வைக்கலாம். “அவன் வச்சா செல்லுமா?” என்று யாராவது கேட்டால், “அவனும் அவருக்குப் பிள்ளைதானே?” என்பதற்குமேல் பதில் தேவையில்லை. பெண்கள் மயானத்துக்குப் போகாத வீடுகளில், அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போனார்கள் என்று தெரியாமல் தெருவிலேயே நின்றுவிடுகிறவர் மகள். வேறொரு நாள் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். அதற்கும் வீட்டில் ஒப்பவில்லை என்றால் போனில் படம் எடுத்து வந்து காட்டுங்கள்.

விடுதியில் இருப்பவரை அழைத்து வராமல் விட்டுவிட்டீர்களா? காரியத்துக்குக் கூட்டி வாருங்கள். அதுவும் முடிந்துபோய்விட்டால் வருஷ திதிக்கு, கல்லறைத் திருநாளுக்கு. ஆண்டு கடந்த பிறகும் “அப்பா இறந்துட்டார், உன்கிட்ட அப்பவே சொல்லல” என்று தொடங்குவதால் கெட்டுப்போவது ஒன்றும் இல்லை. அவருக்கு அரைகுறையாகத் தெரிந்துதான் இருக்கும்.

காரியம் முடிந்த பிறகு

உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பெரும்பாலும் தொடங்கும். சிலருக்கு மாதங்கள் கழித்து. ஒருவர் அம்மாவின் புடவையைச் சுருட்டிக்கொண்டு அலமாரிக்குள் உட்காருவார். ஒருவர் பல வருடம் கழித்துப் படுக்கையை நனைப்பார். சாப்பாட்டைத் தள்ளிவிடுவது, தன்னையே கடித்துக்கொள்வது, வேனில் ஏற மறுப்பது, சம்பந்தமில்லாமல் சிரிப்பது எல்லாமே துக்கமாக இருக்கலாம். பல்வலியாகவும் மலச்சிக்கலாகவும்கூட இருக்கலாம், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டாகவும் இருக்கலாம். ஆகவே உடம்பை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காட்டும்போது “மூணு மாசம் முன்னாடி அம்மா இறந்தாங்க” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் “அடிக்கிறான், கத்துறான்” என்று மட்டும் சொன்னால் கிடைப்பது தூக்க மாத்திரைதான். எடை குறைந்துகொண்டே போனால், தூக்கம் அடியோடு போய்விட்டால், மாதக்கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல் முடங்கினால், மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

“அம்மா எங்க?” என்பதை அவர் ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்கலாம். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளில் பதில் வர வேண்டும். அக்கா ‘இறந்துட்டாங்க’ என்றும், பாட்டி ‘கடைக்குப் போயிருக்கா’ என்றும், வேன் டிரைவர் ‘வந்துருவாங்க’ என்றும் சொன்னால் அவர் யாரை நம்புவார்? இரண்டு வரிப் பதிலை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒரு பிரதியை மையத்துக்கும் டிரைவருக்கும் கொடுங்கள். சில சமயம் அவர் கேட்பது செய்தியே இல்லை, அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும் என்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே வாசல் அந்தக் கேள்வி. பதிலைச் சொன்னதும் “அம்மா வைக்கிற மீன் குழம்பு ஞாபகம் இருக்கா?” என்று ஒரு நூலை நீட்டிப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே, ஐம்பதை ஒட்டியே வரக்கூடும். அப்படி வந்துவிட்ட ஒருவர் கேட்கும்போதெல்லாம் ‘இறந்துட்டாங்க’ என்று சொன்னால், ஒவ்வொரு முறையும் அது புதுச் செய்தியாகவே இடிக்கும். அவரிடம் சாவைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஆல்பத்தைத் திறந்து அம்மாவைப் பற்றிப் பேசினால் போதும்.

காக்கைக்குச் சோறு வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமாவாசை அன்று மொட்டை மாடியில் இலையை வைத்துவிட்டு, “பாரு, அம்மாவே வந்துட்டா” என்று பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவர், மறுநாள் முதல் காக்கை பின்னால் ஓடுவார். படையலை நிறுத்த வேண்டியதில்லை. “அம்மாவை நெனச்சுக் காக்காவுக்கு வைக்கிறோம்” என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் போதும். படையலில் என்ன வைப்பது என்பதை அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். வடையா அதிரசமா என்று இரண்டையும் காட்டிக் கேட்டால், அம்மாவுக்கு எது பிடிக்கும் என்பதைப் பற்றிய பேச்சு தானாக வரும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, அவர் பிறந்த நாள், தீபாவளி ஆகிய தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த வாரங்களில் குழப்பம் கூடினால் காரணம் கையில் இருக்கும்.

பேச்சு குறைவாக இருப்பவர்கள்

மையங்களில் பயன்படுத்தும் படப் பலகைகளைப் பார்த்தால் தண்ணீர், பாத்ரூம், பிஸ்கட், வெளியே போகணும் என்று இருக்கும். துக்கத்துக்கு ஒரு கட்டம்கூட இருக்காது. ‘அம்மா’ படம், ‘இறந்துட்டாங்க’, ‘அழுகையா வருது’, ‘கோபமா இருக்கு’, ‘போட்டோ பாக்கணும்’, ‘இப்ப பேச வேண்டாம்’ என்ற கட்டங்களைச் சேருங்கள். கடைசிக் கட்டம் முக்கியம். மறுக்க வழியில்லாதவருக்கு நாம் கொடுக்கும் ஆறுதல்கூடத் தொந்தரவுதான். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் இயங்குகிறது, அதில் வீட்டுப் படங்களையே ஏற்றிக்கொள்ளலாம். டேப்லெட் இல்லாதவர்களுக்குப் பழைய போட்டோவும் அட்டையும் பசையும் போதும்.

“வருத்தமா இருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள். எதைக் கேட்டாலும் ‘ஆமா’ சொல்லிப் பழகியவர்கள் பலர். இரண்டு முகங்களைக் காட்டிக் கேளுங்கள், பிறகு இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே முகத்தைத் தொட்டால் நம்பலாம்.

ஷீலா ஹாலின்ஸ் 1989-இல் வார்த்தையே இல்லாத படப்புத்தகங்களை வெளியிடத் தொடங்கினார். தாய் இறப்பதும் தந்தை இறப்பதும் அந்த வரிசையில் முதலில் வந்தவற்றுள் உண்டு. எழுத்து இல்லாததால், பார்ப்பவர் தன் கதையைச் சொல்ல இடம் கிடைக்கிறது. அந்தப் புத்தகத்தில் இருப்பது இங்கிலாந்தின் சாவு. நமக்கு ஐஸ் பெட்டியும் பந்தலும் வேண்டும். வீட்டில் நடந்ததையே வரிசையாகப் பத்துப் படமாக ஒரு நோட்டில் ஒட்டுங்கள்: அம்மா சமைக்கிறாள், ஆஸ்பத்திரி, மாலை, மயானம், இப்போது அக்கா வீடு. படம் இல்லாத இடத்தில் குச்சி ஓவியம் போதும். பக்கத்தைப் புரட்டும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு, எந்தப் பக்கத்தில் அவர் நிற்கிறார் என்று கவனியுங்கள். ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் தாண்ட மறுக்கிறார் என்றால், அங்கே உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

படமும் எட்டாத, மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு வாசனையும் தொடுகையும் இருக்கின்றன. அம்மாவின் புடவைகளைத் தானம் கொடுக்கும் முன் துவைக்காத ஒன்றை எடுத்து வையுங்கள். அவள் போட்ட பவுடர், அவள் காபி குடித்த டம்ளர் எல்லாம் அவர் மொழியில் பெயர்ச்சொற்கள். அவற்றைக் கொடுத்துவிட்டு பக்கத்தில் இருங்கள்.

அம்மாவோடு சேர்ந்து வேறு எதெல்லாம் போகிறது என்றும் பாருங்கள். பல வீடுகளில் ஒரே வாரத்தில் அறை, ஊர், சாப்பாட்டு ருசி, செல்லப்பெயர் எல்லாம் போய்விடும். முடிந்தவரை முதல் சில மாதங்கள் அவரை இடம் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அவர் தலையணையும் தட்டும் கூடவே போகட்டும். சட்டக் காரியங்கள் தனி அத்தியாயத்தில் வருகின்றன. இரண்டை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்: 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதைக் கடந்தவருக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். இறந்தவர் அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டா என்று அந்த அலுவலகத்தில் விசாரியுங்கள். கையெழுத்து வாங்க ஆட்கள் வரும் நாளில் அது எதற்கு என்று அவரிடமும் ஒரு வரி சொல்லுங்கள்.

இன்னும் யாரும் இறக்காத வீடு

இதைப் படிக்கும் பெற்றோருக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தெருவில், தூரத்து உறவில் ஒரு சாவு விழுந்தால், பிள்ளையையும் அரை மணி நேரம் கூட்டிப் போய் வாருங்கள். நெஞ்சை அறுக்காத சாவில்தான் ஒரு சாவு வீடு எப்படி இருக்கும் என்பதைக் கற்றுக்கொள்ள முடியும். திரும்பி வந்து குளித்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். செடி பட்டுப்போனாலும் வளர்த்த நாய் செத்தாலும் மறைக்காமல் காட்டுங்கள்.

அப்படிப் போய் வந்த ஒரு நாளில் அந்தக் கேள்வி வரும்: “நீயும் செத்துப்போவியா?” ‘அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று வாயைப் பொத்தாதீர்கள். “ஒருநாள் சாவேன். இப்ப நல்லாத்தான் இருக்கேன். நான் இல்லாதப்ப சித்தி உன்னப் பாத்துக்குவா” என்று சொல்லலாம். சித்தியிடம் முதலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.